உடம்பே சுரக்கும்போது மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்லி மருத்துவர் 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்தார். வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். கொடுக்க மனம் வரவில்லை. “உடம்பே மார்ஃபின் போன்ற ஒன்றைச் சுரக்கிறது. மூச்சுப் பயிற்சி, நடை, சிரிப்பு என்று அதைக் கூட்டினால் போதும். வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகி அப்பா அடிமையாகிவிடுவார்” என்கிறான் தம்பி. அப்பாவும் “தாங்கிக்கொள்கிறேன், விடு” என்கிறார். ஆனால் இரவெல்லாம் முனகுகிறார். உண்மையிலேயே உடம்பில் அது சுரக்கிறதா? சுரந்தால் ஏன் இவ்வளவு வலிக்கிறது?
– தஞ்சை மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: அன்புச் சகோதரி,

சுரக்கிறது. உங்கள் அப்பாவின் மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த நிமிடம்கூடச் சுரந்துகொண்டிருக்கிறது. அது சுரந்தும் வலி அடங்கவில்லை என்பதால்தான் மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கிறார். தம்பி சொன்னதில் முதல் பாதி நல்ல அறிவியல். அதை வைத்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. அந்த முடிவை ஒவ்வோர் இரவும் அனுபவிப்பவர் அப்பா. வலி நிவாரண மருத்துவராக எனக்கு இதில் பதற்றமே வருகிறது. அதனால் மாத்திரையை முதலில் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள் என்று சொல்லிவிட்டு, காரணத்தை விரிவாக எழுதுகிறேன். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மார்ஃபின் கசகசாச் செடியின் காயில் கசியும் பாலிலிருந்து வருவது. அதுதான் அபின். ஒரு செடியின் பால் மனிதனின் வலியை ஏன் தணிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகத்தை நெடுநாள் குழப்பிய கேள்வி. 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் மூளைத் திசுவில் ஓபியாய்டுகள், அதாவது மார்ஃபினும் அதைப் போல வேலை செய்யும் பொருள்களும், போய் ஒட்டுவதற்கென்றே ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரினியஸும் தனித்தனியாக அதையே கண்டார்கள். என்றோ ஒரு நாள் மனிதன் அபினைக் கண்டுபிடிப்பான் என்று எதிர்பார்த்து உடம்பு ஏற்பியைச் செய்து வைத்திருக்காது. ஏற்பி இருக்கிறது என்றால் அதற்கான பொருளும் உடம்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

அந்தப் பொருளைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நாளை வரப்போகும் ஒரு தொல்லையோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில், எழுபது வயதைக் கடந்த ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் இளைஞரான ஜான் ஹியூஸும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய முக்கியக் கருவி கினிப் பன்றியின் சிறுகுடலில் ஒரு துண்டு. அதை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு லேசான மின்சாரம் கொடுத்தால் துடிக்கும். மார்ஃபின் சேர்த்தால் துடிப்பு குறையும். மார்ஃபினுக்கு முறிவு மருந்தான நலாக்சோனைச் சேர்த்தால் துடிப்பு திரும்பும். பிறகு பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் துடிப்பு குறைந்தது. நலாக்சோன் சேர்த்ததும் திரும்பியது. மார்ஃபினே இல்லாத மூளைச் சாறு மார்ஃபினின் வேலையைச் செய்துவிட்டது.

1975 டிசம்பரில் அந்தப் பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். என்கெபாலின் என்று பெயர். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம்: டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், கடைசியாக மெத்தியோனின் அல்லது லியூசின். கடைசி மணி மட்டும் மாறும் இரட்டையர் அவை. மறு ஆண்டே கலிஃபோர்னியாவில் சோ ஹாவ் லீ ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 31 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா எண்டார்பினைப் பிரித்தார். அதன் முதல் ஐந்தும் அப்படியே மெத்தியோனின் வகை என்கெபாலின். 1979இல் அவ்ராம் கோல்ட்ஸ்டீன் டைனார்பினைக் கண்டார்; அது லியூசின் வகை என்கெபாலினில் தொடங்குகிறது. மூன்று குடும்பத்துக்கும் தொடக்கம் ஒன்றுதான். முதலில் நிற்கும் டைரோசினின் வளையத்தையும் நைட்ரஜனையும் மார்ஃபின் மூலக்கூறின் ஒரு பகுதி ஒத்திருக்கிறது. செடியின் பால் நம் உடம்பின் ஏற்பிக்குள் பொருந்துவது அதனால்தான்.

தம்பி எண்டார்பினை மகிழ்ச்சி தரும் சுரப்பு என்று எங்கோ படித்திருப்பார். அது முழு உண்மையல்ல. ஏற்பிகளில் மியூ, டெல்டா, கப்பா என மூன்று முதன்மை வகைகள் உண்டு. பீட்டா எண்டார்பின் மியூ, டெல்டா இரண்டிலும் நன்றாகச் சேரும். என்கெபாலினுக்கு டெல்டாவில் நாட்டம் அதிகம், மியூவிலும் வேலை செய்யும். டைனார்பின் கப்பாவை நாடும். கப்பா தூண்டப்பட்டால் மனத்தில் மகிழ்ச்சி வராது. இனம்புரியாத கலக்கமும் வெறுப்பும்தான் வரும். ஆக, இந்தப் பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலச் சரங்களை, சகட்டுமேனிக்குக் கூட்டுவது நல்லது என்று உடம்பே நினைக்கவில்லை. மார்ஃபின் பெரும்பாலும் மியூ வழியாகவே வேலை செய்கிறது.

இனி, வலி எப்படி அடங்குகிறது என்று பார்ப்போம். காவிரி டெல்டாக்காரரான உங்களுக்கு மடையைச் சொன்னால் போதும். முதுகெலும்பிலிருந்து கிளம்பும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு நரம்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் இருக்கிறது. வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதை மடை தீர்மானிப்பதுபோல, மூளைக்கு எவ்வளவு வலி போக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது. அங்குள்ள சிறு நரம்புச் செல்கள் என்கெபாலினை வெளிவிடுகின்றன. மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கும் நரம்புகளும் வந்து அந்த மடையைத் தாழ்த்தச் சொல்கின்றன.

ஏற்பி என்பது செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து நிற்கும் ஒரு புரதம். பெப்டைடு வெளிப்பக்கத்தில் வந்து அமர்ந்ததும் அதன் உருவம் சற்று மாறுகிறது. அந்த மாற்றம் சவ்வின் உட்பக்கத்தில் காத்திருக்கும் ஜி புரதத்தை எழுப்புகிறது. ஜி புரதம் பிடித்திருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டு, அதன் மூன்று பாஸ்பேட் வடிவமான குவானோசின் டிரைபாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு ஆல்ஃபா ஒரு துண்டு, பீட்டா-காமா ஒரு துண்டு என்று இரண்டாகப் பிரிகிறது. ஆல்ஃபா, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்திப் பொருள் உண்டாவதைக் குறைக்கிறது. வலியைப் பொறுத்தவரை பெரிய வேலையைச் செய்வது பீட்டா-காமாதான். வலியைக் கொண்டுவரும் நரம்பின் நுனியில் அது கால்சியம் வாயில்களை மூடுகிறது. கால்சியம் உள்ளே வராவிட்டால் குளுட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற வலித் தூதுப்பொருள்கள் வெளியே கொட்டாது. வலியை வாங்கிக்கொள்ளும் அடுத்த நரம்புச் செல்லில் அதே பீட்டா-காமா பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற, செல்லின் உள்பக்கம் இன்னும் எதிர்மின்தன்மை அடைந்து, எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. அனுப்புபவரும் குறைத்துக்கொள்கிறார், வாங்குபவரும் குறைத்துக்கொள்கிறார்.

மூளைத்தண்டில் நடப்பது இன்னும் நயமானது. அங்கே வலியைத் தணிக்கும் நரம்புகளை எந்நேரமும் அமுக்கி வைத்திருக்கும் வேறு செல்கள் இருக்கின்றன. ஓபியாய்டுகள் அமுக்குபவற்றை அமுக்குகின்றன. தணிக்கும் நரம்புகள் விடுபட்டுத் தண்டுவடத்துக்கு ஆணை அனுப்புகின்றன.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் அப்பாவுக்கு ஏன் வலிக்கிறது? பதில் காலத்திலும் அளவிலும் இருக்கிறது. என்கெபாலின் வெளிவந்ததும் நெப்ரிலைசின், அமினோபெப்டிடேஸ் போன்ற நொதிகள் அதை உடனே வெட்டிப் போட்டுவிடுகின்றன. சுரந்த இடத்தில், சற்று நேரம் மட்டும் வேலை செய்வதற்காகவே அது படைக்கப்பட்டிருக்கிறது. ஏற்பியும் சும்மா இருப்பதில்லை. தூண்டப்பட்ட ஏற்பியின் வால் பகுதியில் பாஸ்பேட் சேர்க்கப்படுகிறது, அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டுகிறது, செல் அந்த ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு புதுப்பித்து மேலே அனுப்பும். அடிபட்டுக் கீழே விழுந்தவன் எழுந்து பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரும் வரை தாங்குவதற்கான ஏற்பாடு இது. போரில் படுகாயமடைந்த வீரர்களில் பலர் வலி மருந்தே கேட்கவில்லை என்று இரண்டாம் உலகப் போரின்போது ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் பதிவு செய்தார். ஆனால் எலும்புக்குள் வளரும் புற்றுநோய் பகலும் இரவும் ஓயாமல் வலியை அனுப்புகிறது. வலி நரம்புகளையே கூர்மையாக்கிவிடுகிறது. உடம்பின் கைவசமுள்ள இருப்பு அதற்கு ஈடுகொடுக்காது. இதில் அப்பாவின் மனவலிமையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

அப்படியானால் என்கெபாலினையே மாத்திரையாகக் கொடுக்கலாமே என்று தம்பி கேட்கக்கூடும். வயிற்றில் அது பருப்பிலுள்ள புரதத்தைப் போலச் செரிமானமாகிவிடும். ஊசியாகப் போட்டாலும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதிய அளவு நுழையாது. மார்ஃபின் நொதிகளுக்குத் தப்பிச் சில மணி நேரம் நிற்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் எட்டுகிறது. நான்கு மணி நேரக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். வலி வந்தபின் கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. இரவு எழுப்ப வேண்டாமென்றால் படுக்கும்போது எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மார்ஃபின் உடம்பின் சொந்தப் பெப்டைடைப் போலவே நடந்துகொள்வதில்லை. பெப்டைடு செல்லின் மேற்பரப்பிலும், உள்ளே இழுக்கப்பட்ட ஏற்பிகளிலும் மட்டுமே வேலை செய்கிறது. மார்ஃபின் சவ்வைக் கடந்து செல்லின் உள்ளே கோல்கி உறுப்பில் இருக்கும் ஏற்பிகளையும் தூண்டுவதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏற்பிகளை உள்ளே இழுக்கச் செய்வதிலும் மார்ஃபின் என்கெபாலினைவிட மந்தம். பெப்டைடு தேவையான இடத்தில் மட்டும் சுரக்கும். மாத்திரையோ மியூ ஏற்பி உள்ள இடமெல்லாம் போகும். பக்க விளைவுகளின் மூலம் அதுதான்.

அவற்றில் முதலாவது மலச்சிக்கல். அபர்டீனில் மின்சாரத்துக்குத் துடித்த குடல் துண்டு மார்ஃபினில் அடங்கியதை மேலே எழுதினேன். அப்பாவின் குடலுக்கும் அதுவே நடக்கும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கும் லோபரமைடும் குடலின் மியூ ஏற்பியைத் தூண்டும் மருந்துதான். மூளைக்குள் நுழைய முடியாததால் போதை தருவதில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எழுதப்படும் ரேசிகடோட்ரில், குடலில் என்கெபாலினை வெட்டும் நொதியைத் தடுத்து, உடம்பின் சொந்தச் சரக்கையே கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. இந்த ஏற்பிகள் உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே அறிமுகமானவைதான். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். குமட்டல் சில நாட்களில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளையும் நிலாவாரையிலிருந்து எடுக்கும் சென்னா மாத்திரையை இதற்காக உலகெங்கும் கொடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைப் பொடியாகக் கொடுத்தால் அளவு தெரியாது. மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, அடிமையாவது. தம்பியின் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அமெரிக்காவில் சாதாரண முதுகுவலிக்கெல்லாம் வலிமையான ஓபியாய்டுகளைத் தாராளமாக எழுதியதில் குடும்பம் குடும்பமாக அழிந்தது உண்மை. மூளையின் வெகுமதிப் பாதையிலும் மியூ ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே, மீண்டும் வேண்டும் என்ற உந்துதலைத் தரும் டோபமைன் கூடுகிறது. தொடர்ந்து எடுக்கும்போது செல்கள் சைக்ளிக் ஏஎம்பி தயாரிப்பை முடுக்கி ஈடுகட்டிக்கொள்வதால், திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். உடம்பு பழகிவிடும் என்று அவர் சொன்னது இந்த அளவுக்குச் சரி. அதனால்தான் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கிறோம். ஆனால் உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. கெடுதல் என்று தெரிந்தும் அதையே தேடி அலைவதுதான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்கு மேற்பார்வையில், வாய்வழியாக, நேரப்படி கொடுக்கும்போது அது அரிது. கோழிக்கோட்டில் நோயாளிகளின் வீட்டுக்கே மார்ஃபின் மாத்திரை கொடுத்தனுப்பி இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். தவறாகப் பயன்படுத்தியதோ வெளியே கைமாறியதோ காணப்படவில்லை என்று 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

உலகத்துக்கே மருத்துவ அபின் விளைவித்துக் கொடுக்கும் நாடு நம்முடையது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கு மாத்திரை எட்டாமல் போனது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி இலகுவானது. எத்தனையோ பேருக்கு இன்னும் கிடைக்காத மருந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

மூச்சுப் பயிற்சியையும் சிரிப்பையும் நிறுத்த வேண்டியதில்லை. 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்தபோதே சிலருக்கு வலி தணிந்தது. நலாக்சோன் கொடுத்ததும் அந்தத் தணிவு குலைந்தது. நம்பிக்கை உடம்பின் சொந்த ஓபியாய்டுகளை வெளிக்கொண்டுவருகிறது என்பதற்கு அது முதல் சான்று. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவதும், “இது வேலை செய்யும் அப்பா” என்று சொல்லி மாத்திரையைக் கையில் கொடுப்பதும் மருந்தோடு சேரும் மருந்து. தயக்கத்தோடு கொடுத்தால் அந்த உதவியை இழப்பீர்கள். நடை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்; புற்று அரித்த முதுகெலும்பு நொறுங்கக்கூடும்.

“தாங்கிக்கொள்கிறேன்” என்கிற அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: தூங்க முடிகிறதா, உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா? வலியைத் தாங்குவதிலேயே முழுப் பலமும் போனால், வேறு எதற்கும் பலம் மிஞ்சாது. மார்ஃபின் என்றதும் “கடைசிக் கட்டம் வந்துவிட்டது” என்று அவர் நினைத்திருக்கலாம். பெரியவர்கள் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது கடைசிக் கட்டத்து மருந்தல்ல, வலிக்கான மருந்து என்று மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்றே மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசி, இதுவரை மாத்திரை தொடங்கவில்லை என்பதைத் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகச் சோதனை, அதாவது கிரியேட்டினின் அளவு, சமீபத்தில் பார்த்ததா என்று கேளுங்கள். சிறுநீரகம் மந்தமானால் மார்ஃபினின் எச்சம் உடம்பில் தேங்கும், அளவை மாற்ற வேண்டும். தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அதையும், மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு ஒரே ஒரு முறை கொடுத்தாலே பலருக்கு நன்றாகக் குறைகிறது; அப்பாவுக்கு அது பொருந்துமா என்றும் கேளுங்கள். மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் கூடுதலாக இருக்கும். விட்டுப்போன தூக்கமும் அதில் சேரும். ஆனால் தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது என்றால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் மியூ ஏற்பி உண்டு. நலாக்சோன் அங்கே வைத்திருப்பார்கள். இன்னொன்று, இது மாத்திரையோடு தொடர்பில்லாதது: கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அதற்கு விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.